மணி அடித்தது, யாரும் எழவில்லை: ஆதரவு இல்லம் ஒன்றின் தீ ஒத்திகை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது இரண்டு தளம் கொண்ட ஓர் ஆதரவு இல்லத்தில் நடந்தது. அங்கே 14 பேர் தங்கியிருந்தார்கள். ஒன்பது பேர் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், அவர்களில் இருவருக்கு ஆட்டிசமும் உண்டு. காது கேளாத பெண் ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இருவர், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கால் இழுத்து நடப்பவர் ஒருவர், மறதி நோய் முற்றிய மூதாட்டி ஒருவர். கீழே ஆறு பேர், மாடியில் எட்டுப் பேர். பகலில் ஐந்து பணியாளர்கள், இரவில் இரண்டே பேர். பயிற்சிகளுக்குப் பொறுப்பு நான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தீ ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தோம். எப்போதும் காலை 11 மணிக்கு. முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவோம். மணி அடித்ததும் பணியாளர்கள் "வாங்க, வாங்க" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். நான்கு நிமிடத்தில் எல்லோரும் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். பதிவேட்டில் தேதி, நேரம், கையெழுத்து. நான்கு வருடப் பக்கங்களில் ஒரு குறை கூட எழுதப்படவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புதிதாக இரவுப் பணிக்கு வந்த பெண் முதல் வாரத்திலேயே கேட்டார்: "ராத்திரி அடிச்சா இவங்க என்ன பண்ணுவாங்க சார்?" என்னிடம் பதில் இல்லை.

இரவு ஒத்திகையில் கண்டது

தூங்குகிறவர்களைத் திடுக்கிட எழுப்புவது சரியா என்று எங்களுக்குள் இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில், "இந்த மாதம் ஏதோ ஒரு நாள் விடியற்காலையில் மணி அடிக்கும்" என்று இல்லத்தில் இருப்பவர்களிடமும் குடும்பத்தாரிடமும் சொன்னோம், நாளைச் சொல்லவில்லை. வலிப்பு வரும் ஒருவருக்காக மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். ஒரு விடியற்காலை 5:10-க்கு மணியை அடித்தோம். முதல் மூன்று நிமிடம் பணியாளர்கள் யாரும் கண்ணில் படக்கூடாது, மறைவில் நின்று பார்த்து எழுத மட்டும் வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் பிறகு இரவுப் பணியாளர் இருவரும் வழக்கம்போல் உதவுவார்கள்.

மூன்று நிமிடத்தில் அறையை விட்டு வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் நேராகக் கூடத்துக்குப் போய், பகலில் தான் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். மற்றவர் அந்த மூதாட்டி. அவர் வாசல் கதவுக்குப் போய் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார். முதல் நாள் இல்லத்துக்கு வந்தபோது உள்ளே நுழைந்த கதவு அது. இரவில் பூட்டியிருக்கும். சாவி அலுவலக அறையில் ஒரு கொக்கியில் தொங்கும்.

ஆட்டிசம் உள்ள இளைஞர் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். மூன்று பேர் தூக்கத்திலிருந்து அசையவே இல்லை. ஒருவர் தூக்க மாத்திரை போடுகிறவர். காது கேளாத பெண்ணும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அவருக்கான எச்சரிக்கை விளக்கைக் கூடத்தில்தான் மாட்டியிருந்தோம். எனக்குப் பெரிய அதிர்ச்சி வேறொருவரிடம்தான். தனியாகப் பஸ் ஏறி வேலைக்குப் போய் வருகிறவர், எங்கள் எல்லாருடைய கணக்கிலும் 'அவர் பார்த்துப்பார்' என்ற வகை. முழுக்க விழித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. பிறகு கேட்டபோது, "அக்கா வரலையே" என்றார்.

எல்லோரையும் வெளியே கொண்டுவர 19 நிமிடம் ஆனது.

காரணம் தேடியபோது

அந்த "அக்கா வரலையே"தான் எங்களுக்குத் திறவுகோல். நான்கு வருடமாக 'மணி அடித்தால் வெளியே போ' என்று கற்பிப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் கற்றது 'அக்கா வந்து கூப்பிட்டால் எழுந்து போ' என்பதை. மணி அவர்களுக்குப் பின்னணிச் சத்தம். பிழை அவர்களுடையது இல்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் மணிக்கும் அவர்கள் எழுவதற்கும் நடுவில் ஒரு முகம் வந்து நின்றது, அந்த முகத்தை அவர்கள் சரியாகவே கற்றிருந்தார்கள்.

இன்னொன்று, காலை 11 மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருப்பார்கள். கூடத்திலிருந்து மரத்தடிக்கு வழி தெரியும். கட்டிலிலிருந்து மரத்தடிக்கு யாரும் ஒரு முறை கூட நடந்ததில்லை.

பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினோம். "தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றால் பாதிப் பேர் "தண்ணி ஊத்துவேன்" என்றார்கள். சிலர் "அண்ணாவைக் கூப்பிடுவேன்." புகையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது சுவாலை அல்ல, புகையும் அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடும்தான். எங்கள் பாடத்தில் புகை என்ற சொல்லே இல்லை. ஒரு பெண் மட்டும் எல்லாக் கேள்விக்கும் மணி மணியாகப் பதில் சொன்னார். ஒத்திகையில் அவர் தன் அறை வாசலோடு நின்றுவிட்டவர். பதில் சொல்லத் தெரிவதும் செய்யத் தெரிவதும் வேறு வேறு என்பதை அவரிடம்தான் பார்த்தோம். அன்றோடு வாய்வழிச் சோதனையை விட்டுவிட்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் கதவு. பூட்டிய கதவுக்கு எந்தப் பயிற்சியும் ஈடாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தது எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருந்தது. சாவி கொக்கியில் தொங்குகிற கதவைப் பற்றிப் பேசும்போது யாரும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளிருந்து சாவியில்லாமல் கையால் திருகித் திறக்கும் தாழ்ப்பாள் போட்டோம். மூதாட்டி இரவில் தனியே வெளியே போய்விடுவாரே என்ற பயத்துக்கு, கதவு திறந்தால் 'டிங்' என்று ஒலிக்கும் கருவி ஒன்றையும் வைத்தோம். இந்த 'டிங்' பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது படுக்கையறைக் கதவுகள். கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று இரவில் திறந்தே வைத்திருந்தோம். எரியும் வீட்டில் கதவு மூடிய அறைக்குள் 40 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போதே, கதவு திறந்த அறையில் 500 டிகிரியைத் தாண்டியதைத் தீச் சோதனைகளில் அளந்திருக்கிறார்கள். ஆனாலும் மூடிய அறையில் தூங்க நால்வருக்குப் பயம். அவர்களுடைய கதவுகளுக்குக் காந்தப் பிடிப்பு பொருத்தினோம்: சாதாரணமாகத் திறந்து நிற்கும், மணி அடித்ததும் பிடி விட்டுத் தானாக மூடிக்கொள்ளும்.

பிறகு கற்பிக்கும் முறை. இதில்தான் அதிக நேரம் செலவழித்தோம். கட்டிலிலிருந்து மரத்தடி வரை உள்ள வேலையைச் சிறு படிகளாக உடைத்து, கடைசிப் படியிலிருந்து தொடங்கினோம். முதல் பாடத்தில் வாசற்படியில் நின்று மரத்தடிக்கு நடந்தால் போதும், பாடம் முடிந்தது. அடுத்ததில் மாடிப்படியின் அடியிலிருந்து, அப்புறம் மாடி வராந்தாவிலிருந்து, கடைசியில் கட்டிலில் படுத்திருந்து. முன்னாலிருந்து தொடங்கினால் புதுப்புதுப் படியில் போய்த் தடுமாறி நிற்க வேண்டியிருக்கும். பின்னாலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு நாளும் தெரிந்த இடத்தில், "முடிச்சுட்டேன்" என்ற நிறைவோடு முடிகிறது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், வாரம் மூன்று நாள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. உண்மையான மணியின் ஒலியை மூன்றாம் வாரத்திலிருந்து சேர்த்தோம்.

பணியாளர்களுக்கு ஒரே விதி: முன்னால் நடக்காதே. பக்கத்தில் நில், பிறகு பின்னால் நில், பிறகு கண்ணில் படாத இடத்தில் நில். உதவி தேவைப்பட்டால் முதலில் ஐந்து எண்ணும் வரை காத்திரு, அப்புறம் கையால் காட்டு, அதற்கும் அப்புறம்தான் வாயைத் திற. இந்த ஐந்து எண்ணுவது எங்கள் ஆட்களுக்குப் பெரும் பாடாகிவிட்டது. அன்பு மிகுந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

சூடான கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதை முதலில் எல்லோருக்கும் வைத்தோம். ஐந்து பேருக்கு அந்தப் படி வந்ததும் முழு வரிசையும் குழம்பியது: கதவைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். அவர்களுக்கு அதை எடுத்துவிட்டோம். 'மணி என்றால் வெளியே' என்ற ஒன்று உறுதியாகத் தெரிவது, ஏழு விஷயம் அரைகுறையாகத் தெரிவதைவிட மேல் என்று நினைத்தோம். இது ஒரு பேரம் என்று தெரிந்தேதான் செய்தோம்.

புகையைக் கற்பித்ததில் ஒரு தவறு நடந்தது. வராந்தாவின் குறுக்கே சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்டு, 'இது புகை, திரும்பி அடுத்த கதவுக்குப் போ' என்று பழக்கினோம். இரண்டாம் நாளே ஒருவர் சிரித்துக்கொண்டே துணியைத் தூக்கிவிட்டு உள்ளே புகுந்து போனார். அதைப் பார்த்து இன்னும் இருவர். புகைக்குள் நுழைவதை நாங்களே விளையாட்டாகக் கற்றுக்கொடுத்துவிட்டோம். துணியை அன்றே எடுத்தோம். தீயணைப்பு நிலையத்தார் வந்து, பயிற்சிக்கான புகைக் கருவியால், விரும்பியவர்களுக்கு மட்டும், மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களைத் தவிர்த்து, ஒரு முறை காட்டினார்கள். மேலே புகை, கீழே தெளிவு என்பது அப்போது பலருக்கும் புரிந்தது. முட்டி வலிக்காரர்களுக்குத் தவழ்வது ஆகாது, குனிந்து நடக்க மட்டும் பழக்கினோம்.

ஆள் ஆளுக்கு மாற்றியவை

கட்டிலுக்கடியில் போன இளைஞருக்கு எதிரி மணியின் சத்தமே. அவர் படம் வரையும்போது, மணியொலியைப் போனில் பதிவுசெய்து கேட்டும் கேட்காத அளவில் ஓடவிட்டோம். ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். சத்தம் குறைக்கும் காதுக்கவசம் ஒன்று கட்டில் தலைமாட்டில் தொங்கும். மணி கேட்டால் அதை மாட்டு, நட. "அதைப் போட்டா மணி எப்படிக் கேக்கும்?" என்று அவர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கேட்ட பிறகுதானே மாட்டுகிறார் என்று விளக்கினோம்.

காது கேளாத பெண்ணுக்குத் தலையணைக்கடியில் அதிரும் தட்டும், அறையில் பளிச்சிடும் விளக்கும் வைத்தோம். இரண்டாம் பாடத்திலேயே எல்லோரையும் முந்தினார். போகிற வழியில் மற்றவர் கதவுகளைத் தட்டிக்கொண்டு போகட்டுமா என்று அவரே சைகையில் கேட்டார். தட்டலாம், உள்ளே போகக்கூடாது என்று ஒத்துக்கொண்டோம்.

தூக்கத்தில் அசையாத மூவரின் அறைகளில் அலாரத்தை மாற்றினோம். வழக்கமான புகை அலாரம் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலி. வயதானவர்களுக்கும் காது மந்தமானவர்களுக்கும் முதலில் போவது அந்த உயர்ந்த ஒலிதான். 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி இன்னும் நன்றாக எழுப்பும். இருவர் எழுந்தார்கள். மாத்திரை போடுபவர் எழவில்லை. சரி, அவர் தானாக எழுவார் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, இரவுப் பணியாளர் முதலில் போக வேண்டியது அவர் அறைக்கு என்று திட்டத்தில் எழுதினோம்.

மூதாட்டிக்குப் புதிதாக எதையும் கற்பிக்க முயலவில்லை. அவருக்குத் தெரிந்த கதவு ஒன்றுதான், அதையே அவருடைய வெளியேறும் வழியாக வைத்துக்கொண்டோம்.

கட்டிலிலிருந்து தூக்குக் கருவியால் மட்டுமே எழுப்பக்கூடிய ஒரு பெண் இருந்தார். கருவியால் எழுப்ப எட்டுப் பத்து நிமிடம் ஆகும். மெத்தைக்கு அடியில், வார்கள் வைத்த இழுவை விரிப்பைப் போட்டுவைத்தோம். தீ வந்தால் மெத்தையோடு சேர்த்துக் கட்டி, இருவர் தரையில் இழுத்துப் போக வேண்டும். அவரை வைத்துப் பழகுமுன் நானே படுத்து இழுபட்டேன். அறைவாசல் மேட்டில் முதுகு நன்றாக இடித்தது. அந்த மேட்டை மறுநாளே சரிவாக்கினார்கள்.

பக்கவாதம் வந்தவரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதுதான் எளிது என்று முடிவுசெய்து, பிறகு அவரிடம் சொன்னோம். மறுத்துவிட்டார். "என் ஜன்னல் அங்கதான் இருக்கு" என்றார். முதலில் கேட்டிருக்க வேண்டும். மாற்றுவழியாக, மாடிப்படித் தலைப்பில் தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால் உள்ள இடத்தில் அவர் காத்திருப்பது என்று பேசி முடித்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என்னை மறந்துட்டுப் போயிட்டா?" அங்கே ஓர் அழைப்பு மணி வைத்தோம். தீயணைப்பு வீரர் ஒருவர் வந்து, தாங்கள் எந்த வழியாக ஏறி அவரிடம் வருவோம் என்று நடந்து காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

பத்து வாரம் கழித்து

தூக்க மாத்திரைக்காரர், மூதாட்டி, இழுவை விரிப்புப் பெண் மூவரும் போக, தானாக வெளியேறக் கற்கக்கூடியவர்கள் 11 பேர். பத்தாம் வார இரவு ஒத்திகையில் யாரும் கூப்பிடாமல் எட்டுப் பேர் வந்தார்கள். மொத்தம் ஏழு நிமிடத்துக்குச் சற்று குறைவு. சந்தோஷத்தில் பாடங்களை நிறுத்திவிட்டோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி அடித்தால் ஐந்து பேர்தான் வந்தார்கள். அதிலிருந்து மாதம் ஒரு முறை ஆளுக்குப் பத்து நிமிடம் என்று நிரந்தரமாக்கினோம்.

உண்மையான புகை

ஏழாம் மாதம், ஓர் இரவு 2:40-க்கு மணி அடித்தது. கீழ்த்தளப் பின்பக்கச் சலவை அறையில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சுத் தூசியில் தீப்பிடித்திருந்தது. இரவில் அதை ஓடவிட்டது எங்கள் பழக்கம், எங்கள் பிழை. சலவை அறைக் கதவு மூடியிருந்ததால் புகை வராந்தாவுக்கு மெல்லத்தான் கசிந்தது.

பணியாளர்களில் ஒருவர் தீ அலாரப் பலகையில் இடத்தைப் பார்த்துவிட்டு, முதல் நிமிடத்திலேயே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். 'போய்ப் பார்த்துவிட்டு அழைப்போம்' என்ற பழைய வழக்கத்தை அதற்கு முன்பே எடுத்திருந்தோம். மற்றவர் மாத்திரைக்காரரை எழுப்பிக் கைத்தாங்கலாக இறக்கினார். பிறகு இருவரும் சேர்ந்து விரிப்புப் பெண்ணை இழுத்து ஆறாம் நிமிடத்தில் முன்வராந்தாவில் சேர்த்தார்கள்.

11 பேரில் ஒன்பது பேர் தாமாகவே வந்தார்கள். "அக்கா வரலையே" என்றவர் முதலில் வந்தவர்களில் ஒருவர். காதுக்கவசம் போட்ட இளைஞர் பார்வையைத் தரையிலிருந்து எடுக்காமல் மரத்தடி வரை நடந்தார். பக்கவாதம் வந்தவர் படித்தலைப்பில் நின்று அழைப்பு மணியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். பதில் நன்றாகச் சொல்லும் பெண்ணையும் இன்னொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. காது கேளாத பெண் நான்கு கதவுகளைத் தட்டினார். ஒரு கதவு திறக்காததால் அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருந்து, கடைசியாகத்தான் இறங்கினார். அது மாத்திரைக்காரரின் அறை. உள்ளே இருந்தவரை அதற்கு முன்பே இறக்கியிருந்தார்கள், அது அவருக்குத் தெரிய வழியில்லை.

மரத்தடியில் எண்ணியபோது, இருக்கும் இடம் தெரிந்தவர்கள் போக, ஒருவர் குறைந்தார். ஒன்பதாம் நிமிடத்தில் வந்து சேர்ந்த தீயணைப்புக் குழுவிடம் "ஒருத்தர் உள்ளே" என்று சொன்னோம். கவசம் அணிந்து இரண்டு பேர் உள்ளே போனார்கள். குறைந்தவர் மூதாட்டி. அவர் எல்லோருக்கும் முன்னால் தன் கதவைத் திறந்துகொண்டு, மரத்தடியைத் தாண்டி, தெருவில் நடந்துகொண்டிருந்தார். கதவின் 'டிங்' ஒலித்துத்தான் இருக்கும். தீ மணியின் இரைச்சலில் அதை யார் கேட்பது? பதினோராம் நிமிடத்தில் கண்டுபிடித்தோம்.

யாருக்கும் காயமில்லை. புகையில் இருமிய ஒரு பணியாளரை மருத்துவமனைக்கு அனுப்பிப் பரிசோதித்தோம்.

பின்பு நடந்தவை

இளைஞர் மூன்று வாரம் காதுக்கவசத்தோடுதான் தூங்கினார். இரண்டு பேர் சலவை அறைப் பக்கம் போகவே மறுத்தார்கள். பாடங்களை இரண்டு வாரம் நிறுத்தி, அன்று என்ன நடந்தது என்று படம் வரைந்து திரும்பத் திரும்பப் பேசினோம். இயந்திரம் இப்போது பகலில் மட்டும், ஆள் இருக்கும்போது மட்டும் ஓடுகிறது. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்துக் கையெழுத்திட வேண்டும்.

அறை காலியானதும் கதவுக்கு வெளியே ஒரு சிவப்புப் பட்டையைக் கீழே தொங்கவிடுகிறோம். பட்டை தொங்கினால் தட்ட வேண்டாம், நகரு. இந்த யோசனை காது கேளாத பெண்ணுடையது.

மறுபடி செய்தால்

வெளியே போன பிறகு என்ன என்பதை நாங்கள் சரியாக யோசிக்கவில்லை. மரத்தடியில் வெளிச்சமில்லை, உட்கார இடமில்லை, அங்கேயே நிற்கக் காரணமும் இல்லை. இப்போது விளக்கும் பெஞ்சும் இருக்கின்றன. பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் வேலை அவ்வளவுதான், உள்ளே போய்த் தேடக்கூடாது. 'டிங்' கருவியை எடுத்துவிட்டு, இரவுப் பணியாளரின் இடுப்பில் அதிரும் கருவி கொடுத்திருக்கிறோம்.

தொடக்கத்திலிருந்தே இரவையும் சேர்த்துப் பழக்கியிருப்பேன். துணித் திரையைத் தொட்டிருக்க மாட்டேன். பக்கவாதம் வந்தவரிடம் முடிவுக்கு முன்னால் பேசியிருப்பேன்.

பதிவேட்டையும் மாற்றினோம். 'எத்தனை நிமிடம்' என்ற பத்திக்குப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'நாம் என்ன சொன்னோம்' என்று ஒரு பத்தி. ஒன்றும் சொல்லாமல் வந்திருந்தால் ஒரு கோடு. போன மாதம் எட்டுக் கோடு. இரண்டு பேருக்கு 'பெயர், ஒரு முறை'. பதில் நன்றாகச் சொல்லும் பெண்ணுக்கு எதிரே இரவுப் பணியாளர் எழுதியிருந்தது: 'ஐந்து எண்ணினேன், நான்கில் நடந்துவிட்டார்.'